வாசல் வழியா, கைச்சோதனையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து சென்னைக்குப் பயணம். அப்பாவின் நெஞ்சில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி, அம்மாவின் முழங்காலில் செயற்கை மூட்டு. கிங் ஷாகா விமான நிலையத்துக்குப் புறப்படும் முன்பே வீட்டில் விவாதம் தொடங்கிவிட்டது: உலோகம் காட்டும் வாசல் வழியே நடப்பதா, கையால் சோதிக்கச் சொல்வதா?

வாசலைக் கண்டு அப்பா நடுங்குகிறார். அவ்வளவு பயம் தேவையில்லை. சாதாரண நடையில் கடந்துவிட்டால் அதன் காந்தப்புலம் பேஸ்மேக்கரைத் தொந்தரவு செய்வதில்லை. வாசலுக்குள்ளேயே நிற்பதும் அதன்மீது சாய்வதும்தான் கூடாது. உண்மையில் கவனிக்க வேண்டியது கையில் பிடிக்கும் சோதனைக் கோல். அதைக் கருவிக்கு மேல் வைத்திருக்கவோ திரும்பத் திரும்ப ஆட்டவோ விடக்கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பதைச் சொல்லும் அட்டையை முதலிலேயே காட்டி, கோல் இல்லாத கைச்சோதனையைக் கேட்பது அவருக்கு நல்லது. அட்டை இருப்பதால் சோதனையே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள் என நினைக்க வேண்டாம்.

அம்மாவின் கதை வேறு. மூட்டில் மின்சுற்று எதுவும் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஆனால் வாசல் ஒலிக்கக்கூடும். ஒலித்தால் கைச்சோதனை எப்படியும் வரும். ஆகவே, மூட்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லி, பெண் அலுவலரையும் தனியறையையும் கேட்கலாம். நேரம் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கைச்சோதனை என்று முடிவாகிவிட்டது. அம்மா வாசல் வழியே நடந்தே பார்ப்பாராம். ஒலித்தால் அது மூட்டா, கழற்ற மறுக்கும் வளையல்களா என்பதை அலுவலர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.