கண்ணாடிக் கடையில் போன 23,400 ரூபாய்: குடும்பத்தோடு கண் டெஸ்டுக்குப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 23,400 ரூபாய். அப்பாவுக்கு ஒரு கண்ணாடி, மகளுக்கு ஒரு கண்ணாடி, எனக்குக் காண்டாக்ட் லென்ஸ். இன்று மத்தியானம் கடையின் கஸ்டமர் கேரிலிருந்து மெசேஜ் வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?" யார் தீர்த்தது, எப்போது தீர்த்தது என்று எனக்குத் தெரியாது. அப்பா இன்னும் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பேப்பர் படிக்கிறார்.

கடை பெயர் போடவில்லை, காரணம் கடைசியில் சொல்கிறேன். திருச்சியில் இருக்கிற, பல ஊர்களில் கிளை உள்ள, ஏசி போட்ட, வாசலில் "கண் பரிசோதனை இலவசம்" என்று பலகை வைத்திருக்கிற வகை என்பது போதும்.

உள்ளே போனதும் அங்கே விற்பனை பார்க்கிற பையன் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போனது அங்கேதான். அப்பாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "அப்பா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான். பாக்கெட்டில் இருந்த பழைய பைஃபோக்கலை (தூரத்துக்கும் படிக்கவும் நடுவில் கோடு பிரித்த கண்ணாடி) வாங்கி, கேட்காமலேயே துடைத்து, தளர்ந்திருந்த ஸ்க்ரூவை முறுக்கிக் கொடுத்தான். "எங்கப்பாவுக்கும் கேட்டராக்ட் ஆபரேஷன் பண்ணியிருக்கு அக்கா, அவருக்கு என்ன போட்டேனோ அதைத்தான் உங்களுக்கும் காட்டுறேன்" என்று ஒரு பிரபல கம்பெனியின் அட்டையை எடுத்து விரித்தான். புரோகிரசிவ் லென்ஸ். நடுவில் கோடு இருக்காது, மேலே தூரம், நடுவில் கம்ப்யூட்டர் தூரம், கீழே படிப்பு. லென்ஸ், ஃபிரேம் சேர்த்து 14,900. அப்பா பென்ஷன்காரர், விலையைக் கேட்டதும் எழுந்துவிட்டார். அவன் விடவில்லை. "பணத்தை விடுங்கப்பா, உங்க கண்ணு முக்கியமா இல்லையா?" என்றான். நான்தான் ஜிபே பண்ணினேன். சொந்த அப்பாவை உதாரணம் காட்டிப் பேசுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரு வாரம் கழித்துக் கண்ணாடி வந்தது. போட்டதிலிருந்து அப்பாவுக்கு நடை தடுமாற்றம். தெருவில் நின்று பஸ் போர்டைப் படிக்க, தாடையை மார்பில் இடித்துக்கொண்டு கண்ணை மேலே உருட்டிப் பார்க்கிறார். நேராகப் பார்த்தால் எல்லாம் மங்கல். கடைக்குப் போனோம். "புரோகிரசிவ் அப்படித்தான் அக்கா, பத்து நாள்ல பழகிடும்." பழகவில்லை. மறுபடி போனோம். அதே பையன், ஆனால் இந்தத் தடவை தண்ணியும் இல்லை, "அப்பா" என்ற கூப்பிடலும் இல்லை, அப்பா "சார்" ஆகிவிட்டார். "சார் தலையை ஆட்டாம நடக்கணும்." அப்புறம் மேனேஜர் லீவு. அப்புறம் லேபில் கேட்டிருக்கிறோம். அப்புறம் லேபிலிருந்து பதில் வரவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் விழாது. ஒரு நாள் மேனேஜரே சிக்கினார். "மேடம், பவர் போட்டு வெட்டின லென்ஸ். அதை நான் வேற யாருக்கு விற்க முடியும்? வயசானவங்களுக்கு அட்ஜஸ்ட் ஆக லேட்டாகும்" என்று கையை விரித்துவிட்டார். அப்பா எதிரிலேயே அப்படிச் சொன்னார். வெளியே வந்து அப்பா "விடும்மா, எனக்குத்தான் வயசாயிடுச்சு போல" என்றார். 14,900 ரூபாயை விட அந்தப் பேச்சுக்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

வயசும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் பழைய வீட்டுப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அப்பாவை நேராக நிற்க வைத்து, கண்ணாடியைப் போடச் சொல்லி, இரண்டு கருவிழிக்கும் நேராக மார்க்கர் பேனாவால் லென்ஸ் மேல் ஒரு புள்ளி வைத்தார். அப்புறம் லென்ஸில் வாயால் ஊதி, ஆவி படிந்ததும் ட்யூப் லைட்டுக்கு எதிராகச் சாய்த்தார். கண்ணுக்கே தெரியாத இரண்டு குட்டி வட்டங்கள் தெரிந்தன. எந்த புரோகிரசிவ் லென்ஸிலும் இந்த இரண்டு குறிகள் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் பொறித்திருக்குமாம். அதை வைத்து அளந்தால் லென்ஸின் எந்த இடம் கருவிழிக்கு நேராக வர வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்பாவுடையதில் அந்த இடம் 5 மில்லிமீட்டர் மேலே ஏறி இருந்தது. அதாவது நேராகப் பார்க்கும்போது கம்ப்யூட்டர் தூரத்துக்கான பகுதி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஃபிரேமைப் போட வைத்துப் புள்ளி வைக்கிற வேலையை அந்த ஏசி கடையில் யாருமே செய்யவில்லை. அங்கே எடுத்த அளவு, கண்ணுக்குக் கண் தூரம் என்று நெற்றிக்கு நேராக ஒரு ஸ்கேலைக் காட்டியது மட்டும்தான்.

இன்னொன்றையும் காட்டினார். வட்டத்துக்குக் கீழே ஒரு பக்கம் படிக்கிற பவரின் எண் இருந்தது. இன்னொரு பக்கம் கம்பெனிக் குறி இருக்க வேண்டும், அங்கே வெறுமை. "என்னம்மா, எவ்வளவு கொடுத்தே?" என்று கேட்டார், சொன்னேன். "இந்த லென்ஸ் ரெண்டாயிரம் பெறாதும்மா" என்றார். வீட்டுக்கு வந்து பில்லை எடுத்துப் பார்த்தால் "புரோகிரசிவ் 1 செட்" என்று மட்டும் இருக்கிறது. அட்டையில் காட்டிய பெயர் எங்கேயும் இல்லை. பில்லைப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்று யாரும் கமெண்டில் வகுப்பு எடுக்க வேண்டாம். 14,900 வாங்குகிறவன்தான் எதை விற்றான் என்று எழுதித் தர வேண்டும்.

மகள் விஷயம் இதைவிட மோசம், ஆனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பாவுக்குப் பார்க்கப் போன இடத்தில் "பாப்பாவுக்கும் ஃப்ரீயா பார்த்துடலாம்" என்று அந்த கம்ப்யூட்டர் மெஷினில் மோவாயை வைக்கச் சொன்னார்கள். சீட்டு வந்தது, மைனஸ் 1.25, அதாவது கிட்டப்பார்வை. அஞ்சாவது படிக்கிற பிள்ளை. உடனே ப்ளூ கட் லென்ஸ், அதாவது செல்போன் திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கிற லென்ஸ். ஒரு சின்னப் பேனா டார்ச்சை அட்டையில் அடித்து, சாதா லென்ஸ் வழியாக ஒளி போவதையும் அவர்கள் லென்ஸ் தடுப்பதையும் காட்டினார்கள். பிள்ளை வாயைப் பிளந்து பார்த்தது. 5,200. இப்போது தேடிப் படித்ததில், அந்தப் பேனாவில் வருவது ஊதா ஒளி, செல்போன் திரையின் நீலம் வேறு அலைநீளம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ப்ளூ கட் லென்ஸால் கண் அசதி குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகுதான் பிள்ளைக்குத் தலைவலியே ஆரம்பித்தது. கண் டாக்டரிடம் போனோம். சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாவை விரிந்த பிறகு மறுபடி டெஸ்ட் செய்தார். பவரே கிடையாது. பிள்ளைகள் மெஷினுக்குள் உற்றுப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் தசை இறுகி, இல்லாத மைனஸைக் காட்டிவிடுமாம். அதனால்தான் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விடாமல் முதல் கண்ணாடி எழுதக் கூடாது என்றார். இதைக் கடையில் போய்ச் சொன்னால், "அது டாக்டர் டெஸ்ட், இது எங்க டெஸ்ட், ரெண்டும் கொஞ்சம் வித்தியாசம் வரும்" என்கிறார்கள். இல்லாத பவருக்குக் கண்ணாடியைப் பிள்ளை தலையில் கட்டிவிட்டு, அதற்குப் பெயர் கொஞ்சம் வித்தியாசம்!

என் காண்டாக்ட் லென்ஸ் 3,300. மாசத்துக்கு ஒரு ஜோடி மாற்றுவது, கண்ணுக்கு ஒரு பெட்டி, ஆறு மாசத்துக்கு. பெட்டியின் எக்ஸ்பைரி தேதி மேலேயே விலை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். உரித்துப் பார்த்தால் இன்னும் இரண்டு மாசம்தான் பாக்கி. அதோடு, எனக்குக் கண்ணாடியில் மைனஸ் 6. கருவிழி மேலேயே உட்காருகிற லென்ஸுக்கு அந்தப் பவரைக் குறைத்து, 5.50 பக்கம் தர வேண்டும். அப்படியே 6 தந்திருக்கிறார்கள். இதற்கு வந்த பதில், "யூஸ் பண்ண பெட்டியை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்."

ஆக மொத்தம் 14,900, 5,200, 3,300. திரும்பி வந்தது ஒரு கண்ணாடித் துடைக்கிற துணியும் ஒரு ஸ்டார் கேட்கிற மெசேஜும்.

இந்தப் பதிவில் கண் டெஸ்ட், கண்ணாடி, லென்ஸ் பற்றி எல்லாருக்கும் வரும் சந்தேகங்களை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

புரோகிரசிவ் வாங்கினால் ஃபிரேமைப் போட வைத்துப் புள்ளி வைக்காத கடையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். லென்ஸ் கம்பெனி, மாடல் பெயர் பில்லில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். எஸ்டிமேட் சீட்டை பில் என்று நம்ப வேண்டாம். பிள்ளைகளுக்கு முதல் கண்ணாடி என்றால் கண் டாக்டர்தான், கடை மெஷின் அல்ல. காண்டாக்ட் லென்ஸ் பெட்டியில் ஸ்டிக்கர் இருந்தால் அங்கேயே உரியுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்படாதீர்கள். பொருளில் குறை இருந்தால், பில்லில் கெடு போடாத நிலையில் 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

கேஸ் போகப் போவதால்தான் பெயர் போடவில்லை. ஊகித்தவர்கள் கமெண்டில் பெயர் எழுதாதீர்கள், அழித்துவிடுவேன். திருச்சியில் வேறு யாருக்காவது இதே மாதிரி ஆகியிருந்தால் பில் போட்டோவோடு இன்பாக்ஸ் வாருங்கள். சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.