ரிஷிகேஷா, பாராபோலா, தண்டேலியா? ராஃப்டிங் போவதற்கு முன்

ராஃப்டிங், அதாவது ரப்பர் படகில் ஆற்றின் வேகத்தோடு பாய்ந்து போக ஆசைப்படுபவர்கள் எந்த ஊர் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். எந்த மாதம் லீவு என்று நான் திருப்பிக் கேட்பேன். மூன்று ஆறுகளுக்கும் தண்ணீர் வரும் வழி வேறு வேறு.

ரிஷிகேஷில் கங்கை. செப்டம்பர் கடைசியிலிருந்து ஜூன் வரை ராஃப்ட் ஓடும். ஜூலை, ஆகஸ்டில் வெள்ளம் பெருகுவதால் நிறுத்திவிடுவார்கள். இங்கே பெரிய வசதி, தைரியத்துக்கு ஏற்ற தூரத்தை எடுத்துக்கொள்ளலாம். பிரம்மபுரியிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர், சிவபுரியிலிருந்து 16, கௌடியாலாவிலிருந்து சுமார் 36. முதல் தடவை என்றால் சிவபுரியே போதும். 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்ற இரண்டு நல்ல ரேப்பிட்களும் (ஆறு நுரைத்து வேகமாகப் பாயும் இடங்கள்) அந்த வழியில்தான். 'தி வால்' கௌடியாலா பக்கம் இருக்கிறது. படகையே கவிழ்த்துவிடும் அலை அது, பழகியவர்களுக்கு விட்டுவிடுங்கள். டிசம்பரில் தண்ணீர் கை விரலை மரத்துப்போக வைக்கும். மார்ச், ஏப்ரல்தான் சுகம்.

பாராபோல் இதற்கு நேர் எதிர். கர்நாடகாவின் தென் குடகில் (கூர்க்), பிரம்மகிரி மலையடிவாரத்தில் ஓடும் இந்த ஆற்றுக்கு மழைதான் உயிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டுமே ராஃப்டிங். கங்கையின் அகலம் இல்லை, ஓடும் தூரமும் குறைவு. ஆனால் பாறைகளுக்கு நடுவே குறுகிச் சரிவதால், ஒரு ரேப்பிட் முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். மழையும் காடும் சேர்ந்த அந்தப் பச்சைக்காகவே என் ஓட்டு இதற்கு. ஒன்று கவனியுங்கள்: 'கூர்க் ராஃப்டிங்' என்று மட்டும் பார்த்துப் பதிவு செய்தால் அதே குடகில் இருக்கும் துபாரேயில் போய் நிற்க நேரலாம். அங்கே காவிரி பெரும்பாலும் அமைதியாகத்தான் போகும்.

கர்நாடகாவிலேயே இருக்கும் தண்டேலியில் காளி ஆறு. சூபா அணையிலிருந்து தண்ணீர் விட்டால்தான் ஆட்டம். கிளம்பும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

எங்கே போனாலும் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையை ஒருவரை மேலே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை நான் அப்படிச் செய்யாமல் ஏறிவிட்டேன். தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மூக்கு வரை ஏறிக்கொண்டது. விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, கால்களைத் தண்ணீர் ஓடிப் போகும் திசையில் நீட்டி மிதந்தால் போதும், கயிறு வரும். இதையெல்லாம் கரையிலேயே நின்று நிதானமாகச் சொல்லித்தராத கைடு என்றால், கட்டிய பணம் போனாலும் அந்தப் படகில் ஏற வேண்டாம்.