கிருஷ்ணகிரி லேபில் கார்டிசால் டெஸ்ட் நம்பலாம், ஏ.சி.டி.எச். இப்போதைக்கு வேண்டாம்

பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள இந்த லேபில் காலை 7.30 மணிக்கே ஷட்டர் திறந்துவிடுகிறார்கள். கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கும் டெஸ்டுக்கு அது பெரிய வசதி. மூளையில் உள்ள ஹைபோதலாமஸ் விடும் சி.ஆர்.எச். என்ற 41 அமினோ அமிலப் பெப்டைடு, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், அங்கிருந்து ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் வந்து சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசால் சுரக்கும். காலையில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். அதனால்தான் டாக்டர் 8 மணி என்று எழுதுகிறார்.

ஸ்டீராய்டு மாத்திரை, இன்ஹேலர், மூட்டு ஊசி உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். ரொம்பச் சரி. வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால் ஹைபோதலாமஸ் அடங்கிவிடும், சொந்தக் கார்டிசால் குறையும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

குறை ஏ.சி.டி.எச்.சில்தான். ரத்தத்தில் உள்ள நொதிகளே அதைச் சிதைத்துவிடும். குளிர வைத்த ஊதா மூடி பிளாஸ்டிக் குழாயில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, குளிரிலேயே சென்ட்ரிஃபியூஜ் என்ற கருவியில் வேகமாகச் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். இங்கே குழாய் மற்ற சாம்பிள்களோடு மேசை ஸ்டாண்டிலேயே நிற்கிறது. அளவு பொய்யாகக் குறைந்து, இல்லாத பிட்யூட்டரி கோளாறு இருப்பதுபோல் காட்டலாம். ரூம் சூட்டில் கார்டிசால் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஏ.சி.டி.எச். எழுதியிருந்தால், ஐஸ் பெட்டியும் குளிர் சென்ட்ரிஃபியூஜும் உள்ள லேபைப் போனில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.