பாட்டில் பாக்டீரியாவா, பழைய ஸ்பாஞ்சா?

என் முதல் மீன் தொட்டியில் தண்ணீர் மூன்றே நாளில் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. புதுத் தொட்டிக்கென்று கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டிலிலிருந்து இரண்டு மூடி ஊற்றியும் ஆயிற்று, இனி என்ன பயம் என்று ஆறு டெட்ரா மீன்களை விட்டேன். ஐந்தாம் நாள் காலையில் ஆறும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியா டெஸ்ட் குழாய் கரும்பச்சையாக இருந்தது. பாட்டிலின் பின்பக்கத்தை அப்புறம்தான் படித்தேன். அதில் இருந்தது பாசில்லஸ். தப்புப் பாக்டீரியா என்று சொல்ல முடியாது. எனக்கு வேண்டிய வேலைக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

வேண்டிய வேலை இதுதான். மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அதை ஒரு பாக்டீரியாக் கூட்டம் நைட்ரைட்டாக்கும், அதை இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம்; நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கும். இந்த நைட்ரிஃபையிங் பாக்டீரியா இருமடங்காகப் பெருகவே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அழுக்கைச் சிதைக்கும் சாதாரணப் பாக்டீரியாவில் சில இனங்களுக்கு அரை மணி நேரம் போதும். பில்டர் பழக, அதாவது இவை அதில் போதிய அளவு குடியேற, வாரக்கணக்கில் ஆவது இதனால்தான்.

எதையும் ஊற்றாமல் அம்மோனியாவை மட்டும் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்குச் சேர்த்து, மீன் இல்லாமலே காத்திருப்பது ஒரு வழி. நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பொறுமைதான் இதற்கு வேண்டியது. மற்ற வழிகளெல்லாம் இந்த நாட்களைக் குறைக்கத்தான்.

பாட்டிலுக்கு வருவோம். ஒரே அலமாரியில், ஒரே மாதிரி வாக்குறுதியோடு, இரண்டு வேறு சரக்குகள் நிற்கின்றன. ஒன்று பாசில்லஸ் வகை. வித்தாக உறங்கக்கூடியது என்பதால் பாட்டிலில் நெடுநாள் தாங்கும். தீவன மிச்சத்தையும் கழிவையும் சிதைக்கும். ஆனால் அம்மோனியாவை நைட்ரேட் வரை கொண்டுபோகும் கூட்டத்தை உருவாக்காது. மற்றது உயிருள்ள நைட்ரிஃபையர்கள். இவை வித்தாக மாறாதவை. அதனால் வெயிலில் நின்ற வண்டியும், உறைபனியும், காலாவதித் தேதியும் இங்கே பெரிய விஷயம்.

லேபிளில் இருக்கும் பெயரையும் பாருங்கள். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர்தான் என்று பள்ளிப் புத்தகங்களில் படித்திருப்போம். நன்னீர் மீன் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று டிமோதி ஹோவனெக்கும் கூட்டாளிகளும் 1998-இல் காட்டினார்கள். 2015-இல் இன்னொரு ஆச்சரியம்: அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாளாகவே கொண்டுபோகும் நைட்ரோஸ்பைராவும் உண்டு என்று தெரியவந்தது. ஆகவே நைட்ரோஸ்பைரா என்ற பெயரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும். "நன்மை தரும் பாக்டீரியா" என்று பொதுவாகப் போட்டிருந்தால் பாட்டிலை வைத்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

அப்படியும் உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று லேபிள் சொல்லாது. வாளி சொல்லும். குளோரின் நீக்கிய தண்ணீர் இரண்டு வாளி. இரண்டிலும் புது ஸ்பாஞ்ச் துண்டு, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன், 2 பிபிஎம் அம்மோனியா. ஒன்றில் மட்டும் பாட்டில் சரக்கு. 27 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைத்து, ஒரு வாரம் பத்து நாள் அளந்து பாருங்கள். ஒரு வாளியில் மட்டும் அம்மோனியா இறங்கி நைட்ரைட் தலைகாட்டினால் பாட்டில் நல்லது. இரண்டும் ஒரே நிறத்தில் நின்றால், ஊற்றியது தண்ணீருக்குச் சமம்.

பழைய ஸ்பாஞ்சுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. பல மாதம் ஓடிய தொட்டியின் பில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் காபித் தூள் நிறத்தில் ஒரு சேறு வரும். அதைக் கொட்டினாலே பயன் உண்டு. ஆனால் ஸ்பாஞ்சையே எடுத்துப் புதுத் தொட்டி பில்டருக்குள் செருகுவது எவ்வளவோ மேல். பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான், பரப்பில் ஒட்டி வாழ்வதுதான் அதிகம். (பழைய தொட்டித் தண்ணீரை மட்டும் குடம் குடமாக மாற்றுவதில் பெரிய லாபம் இல்லாததும் இதனால்தான்.) எடுத்து வரும்போது ஈரம் காயக்கூடாது, குளோரின் தண்ணீரில் அலசவே கூடாது. நல்ல ஸ்பாஞ்ச் கிடைத்தால் சில நாட்களிலேயே தொட்டி தயாராகிவிடும்.

இதன் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிது: வெள்ளைப்புள்ளி நோயும் நத்தை முட்டையும் கூடவே வரக்கூடும். நோய் பார்த்த தொட்டியிலிருந்து யார் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். அப்படிப்பட்ட நேரத்தில்தான் பாட்டில் ஜெயிக்கிறது.

வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக நட்டால் அவையே அம்மோனியாவை உறிஞ்சும். அது நல்ல துணை. தனியாக அதை மட்டும் நம்புவதற்குச் செடி வளர்ப்பில் கை தேர்ந்திருக்க வேண்டும். மீனை விட்டுவிட்டுத் தினமும் தண்ணீர் மாற்றுவது இன்னொரு வழி. ஏற்கெனவே மீன் வந்துவிட்டவருக்கு வேறு வழி இல்லை, சரி. தெரிந்தே அதைத் தேர்ந்தெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் வரிசை இது: தெரிந்தவரின் ஆரோக்கியமான தொட்டி ஸ்பாஞ்ச் முதலில், இல்லையென்றால் நைட்ரோஸ்பைரா பெயர் போட்ட, தேதி தாண்டாத பாட்டில், அதுவும் இல்லையென்றால் அம்மோனியாவும் பொறுமையும். எதை எடுத்தாலும் பிஎச் 6.5-க்குக் கீழே இறங்கினால் வேலை மந்தமாகும், கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு எரிந்தால் ஊற்றியதில் ஒரு பங்கு வீணாகும்.

இப்போதெல்லாம் 2 பிபிஎம் அம்மோனியா ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் வாங்கக் கிளம்புகிறேன். அதற்கு முன் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டை வெளியேற்றிவிடுவேன். முதல் வாரத்தில் விடுவது மூன்று மீன்தான்.