ரசீது வந்தது, பணம் வரவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய பொருள்களை இணையத்தில் விற்கும் தமிழ்க் குடும்பங்கள் தயவுசெய்து இதை முழுதும் படியுங்கள். சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்தே 6,500 ராண்டுக்கு விலை பேசிய ஆர்மோனியத்தை ஏமாற்றி எடுத்துச் சென்றுவிட்டார்கள்.

வாங்குவதாக வந்தவன் "வணக்கம் அண்ணா" என்று தொடங்கினான். இங்கே டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியில் இருப்பதாகவும், காவடிக்கு முன் கோயில் பஜனைக் குழுவுக்கு ஆர்மோனியம் வேண்டும் என்றும் எழுதினான். சுருதி சுத்தமாக இருக்கிறதா, துருத்தியில் காற்றுக் கசிகிறதா என்றெல்லாம் விசாரித்தான். பேரம் மட்டும் பேசவில்லை. ஊரே விரதம் இருக்கும் நாளில் முருகன் பெயரைச் சொல்லித் திருட ஒருவனுக்கு மனம் வந்ததே, அதுதான் பணம் போனதைவிட எனக்கு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வங்கி ரசீதை அனுப்பினான். வங்கிச் சின்னம், பரிவர்த்தனை எண், என் பெயர், எல்லாம் இருந்தன. கூடவே, கணக்கில் பணம் வரவானதாக ஒரு குறுஞ்செய்தி. "என்னுடையது வேறு வங்கி, இருப்பில் திங்கள்கிழமைதான் காட்டும்" என்றான். இப்படி நடப்பது உண்டு என்பதுதான் இதில் உள்ள சூது. இங்கே ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சாதாரண முறையில் அனுப்பும் பணம் வந்துசேர ஓரிரு வேலை நாள் ஆகலாம். வார இறுதி குறுக்கிட்டால் கேட்கவே வேண்டாம். அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. ஓட்டி வந்தவர் வாடகைக்கு வந்த அப்பாவி. அவருக்கும் கூலி கொடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

திங்கள்கிழமை பணம் வரவில்லை. அவனுடைய எண்ணும் அணைந்திருந்தது. அப்படி ஒரு பரிவர்த்தனையே இல்லை என்றது வங்கி. ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்தோம்: தொகையின் எண்கள் மட்டும் சற்றுத் தடித்து, வரியைவிட ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தன. குறுஞ்செய்தி வந்தது ஒரு சாதாரண கைப்பேசி எண்ணிலிருந்து.

ரசீதை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, இருப்பில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பொருளைக் கையை விட்டு அனுப்புங்கள். அவசரம் என்பவரிடம் உடனடிப் பரிமாற்றம் கேளுங்கள். 2023 மார்ச்சில் அறிமுகமான பேஷாப் (PayShap) என்ற சேவை வழியாகக் கைப்பேசி எண்ணைக் கொண்டே உடனுக்குடன் பணம் அனுப்பலாம்; உண்மையாக வாங்க வந்தவர் அதற்குத் தயங்கமாட்டார். காசோலை தருகிறேன் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்: 2020 டிசம்பர் 31-உடன் இந்நாட்டில் காசோலைக்கு முடிவு கட்டியாகிவிட்டது. "கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பித் தாருங்கள்" என்பவனும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவன்தான்.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். சைபர் குற்றச் சட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இணைய மோசடி அதில் தனிக் குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள், உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். நாங்களும் புகார் கொடுத்திருக்கிறோம்.

அந்த ஆர்மோனியத்தின் துருத்தி ஓரத்தில் சிவப்புத் தோல் ஒட்டுப் போட்டிருக்கும். வலக்கோடியில் ஒரு வெள்ளைக் கட்டை மட்டும் மற்றவற்றைவிட மஞ்சளாக இருக்கும். யாராவது அதை மலிவாக விற்க வந்தால் வாங்காதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள்.