நகரத்துக் கொல்லைக்கு மண் பரிசோதனை: அறிக்கை எவ்வளவு உதவுகிறது?

சென்னையின் தெற்குப் புறநகரில் புதிதாக எழும் பல வீடுகளின் கொல்லையில் இருப்பது அந்த இடத்தின் சொந்த மண் அன்று. பள்ளத்தை மேடாக்கக் கொட்டிய கிராவலும், உடைந்த செங்கலும், பூச்சுவேலையில் சிந்திய சிமென்ட் கலவையும் கலந்த நிரப்புமண். அப்படியொரு கொல்லையில் காய்கறி பயிரிட எண்ணியபோது, உரக்கடைக்குப் போவதற்கு முன்பே மண்ணைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுத்தேன். உழவர்களுக்கென நடத்தப்படும் இச்சேவை நகரத்துத் தோட்டத்துக்கும் மிகவும் பயன்படுகிறது என்பதே என் கருத்து. ஆனால் அறிக்கையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. மேலே கிடக்கும் சருகை விலக்கி, அரையடி ஆழத்துக்குச் சரிவாகக் குழி பறித்து, அதன் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் செதுக்கி எடுக்க வேண்டும். பல இடங்களில் எடுத்ததைக் கலந்து நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக்கொண்டே வந்து, எஞ்சும் அரைக் கிலோவை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொடுக்க வேண்டும். வயலுக்கு இது போதும். வீட்டு மனையிலோ சுவரோரத்து மண்ணும் நடுவிலுள்ள மண்ணும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதால், அவற்றைக் கலக்காமல் தனித்தனி மாதிரிகளாகக் கொடுப்பதே நல்லது.

2015இல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின்படி கார அமில நிலை (pH), உப்பின் அளவு, மட்கிலிருந்து வரும் அங்ககக் கார்பன், பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள் என 12 அளவீடுகள் கிடைக்கின்றன. எனக்கு வந்த அறிக்கையில் என்னை நிறுத்தியவை கார அமில நிலை 8.3 என்பதும், இரும்பு குறைவு என்பதுமே. இவை இரண்டும் ஒரே காரணத்தின் விளைவுகள். சிமென்டிலும் பூச்சிலும் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்குகிறது. காரம் ஏறிய மண்ணில் இரும்பும் துத்தநாகமும் வேர் எடுத்துக்கொள்ள முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகின்றன, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்பிலுள்ள கால்சியத்தோடு பிணைந்துகொள்கிறது. குருத்திலைகள் வெளுத்து நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிவது இதனால்தான். இதைத் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு என்று கருதி யூரியா போடுகிறவர்கள் பலர். முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால்தான் தழைச்சத்தைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு தெளிவுக்காகவே பரிசோதனை செய்யலாம்.

பரிந்துரைப் பகுதி அவ்வளவு எளிதாக இல்லை. அளவுகள் எல்லாம் எக்டேருக்குச் சொல்லப்படுகின்றன. எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றேகால் கிலோ என்று நாமேதான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அங்ககக் கார்பன் 0.5 சதவீதத்துக்கும் கீழே இருக்கும் நிரப்புமண்ணுக்கு அந்த அளவும் போதாது. மட்கிய தொழுவுரத்தையும் இலைமட்கையும் பருவந்தோறும் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காரத்தைக் குறைக்க ஜிப்சம் போடச் சொல்பவர்கள் உண்டு. ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கான மருந்து. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது காரத்தைத் தணிக்காது. சிமென்ட் கட்டிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மட்கு சேர்த்து, இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) நீர்த்த கரைசலாக இலைமேல் தெளிப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

இந்த அளவீடுகள் சொல்லாத செய்திகளும் இரண்டு உண்டு. ஒன்று மண்ணின் இறுக்கம்: லாரியும் கலவை இயந்திரமும் நின்ற இடத்தில் சத்து இருந்தாலும் வேர் இறங்காது, மழைக்கு மறுநாள் கம்பியைக் குத்திப் பார்த்து அறிந்துகொள்ளலாம். மற்றொன்று ஈயம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டாலும், மண்ணில் படிந்த ஈயம் எளிதில் நீங்குவதில்லை. பழைய பெயின்ட் உதிரும் சுவரோரத்திலும் நெரிசலான சாலையோரத்திலும் தோட்டம் போடுவோர், கன உலோகங்களுக்கெனத் தனியாகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதன் முடிவு தெரியும்வரை அங்கே கீரையையும் முள்ளங்கியையும் தவிர்ப்பது நலம்; கத்தரி, வெண்டை போன்ற காய்களில் ஈயம் சேர்வது குறைவு.

கடையில் வாங்கிய கலவையை நிரப்பிய பைகளில் மட்டும் செடி வளர்ப்போருக்கு இச்சேவை அவசியமில்லை. தரையில் நட விரும்புவோர், முதல் விதைக்கு முன்பாக ஒருமுறையும் அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் மண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.