1200 கலோரியா, 1700 கலோரியா? ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துப் பார்ப்போம்

எடை குறைக்க என் மச்சான் எடுத்துக்கொண்ட இலக்கு ஒரு நாளுக்கு 1200 கலோரி. நான் எடுத்தது 1700. ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே எடை, கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. நான் 1700 பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேகம் என்று பார்த்தால் காகிதத்தில் 1200தான் ஜெயிக்கும். முதல் வாரத்தில் தராசு மடமடவென்று இறங்கும், ஆனால் அதில் பெரும்பங்கு தண்ணீர். பசி, சோர்வு, சிடுசிடுப்பு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடலாம்.

1700 எப்படி வந்தது? ஓய்வில் உடம்பு செலவழிக்கும் கலோரியைக் கணக்கிடும் மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, கிலோவில் எடையை 10ஆல் பெருக்கி, சென்டிமீட்டரில் உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். அதோடு ஆணுக்கு 5 கூட்டணும், பெண்ணுக்கு 161 கழிக்கணும். 84 கிலோ, 170 செ.மீ., 44 வயதுக்கு எனக்கு வந்தது சுமார் 1690. சும்மா படுத்துக் கிடந்தாலே அவ்வளவு செலவாகும். அதை உட்கார்ந்த வேலைக்காரர் 1.2ஆலும் கொஞ்சம் நடமாட்டம் உள்ளவர் 1.375ஆலும் பெருக்குவது வழக்கம். சாயங்காலம் நடக்கிறேன் என்பதால் நடுவில் வைத்தேன், 2170 வந்தது. அதிலிருந்து 470 குறைத்தால் 1700. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7700 கலோரி என்று வைத்தால், வாரத்துக்கு 400 கிராமுக்குச் சற்று மேலே குறையும். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். நம்ம கொங்குப் பக்கம் வாரம் என்பது ஏழு நாளும் ஒரே மாதிரி போவதில்லை. ஞாயிறு கறி உண்டு. ஆவணி, தை, வைகாசி வந்தால் முகூர்த்தம், மாரியம்மன் நோம்பி, கெடா விருந்து. ஒறம்பரை (உறவினர்) வீட்டில் இலையில் உட்கார்ந்துவிட்டு "போதுங்க" என்றால், "அட, இன்னும் ஒரு கரண்டி வெச்சுக்குங்க மாப்ள" என்று குழம்பை ஊற்றிவிட்டுத்தான் நகர்வார்கள். மச்சான் திங்கள் முதல் வெள்ளி வரை 1200இல் கறாராக நின்றார். சனி, ஞாயிறு வந்ததும் அஞ்சு நாள் பசியும் சேர்ந்துகொள்ளும். காலையில் குடல் குழம்போடு இட்லி, மத்தியானம் கறிச்சோறு, ராத்திரி பரோட்டா. அந்த ரெண்டு நாளும் 3000 என்று வையுங்கள். அஞ்சு நாளைக்கு 6000, ரெண்டு நாளைக்கு 6000, மொத்தம் 12,000. ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 1714! அத்தனை பட்டினிக்கும் அவர் வந்து நின்றது என் எண்ணுக்குக் கொஞ்சம் மேலே. நான் வாரத்துக்கு 11,900 என்று வைத்துக்கொண்டு, ஆறு நாள் 1600, ஞாயிறு 2300 என்று பிரித்தேன். அந்த 2300க்குள் கறிக்குழம்பும் சோறும் அடங்குகின்றன. அதனால்தான் மாசக்கணக்கில் விடாமல் போக முடிகிறது.

எந்த எண்ணை எடுத்தாலும் அளவு தப்பினால் வீண். தப்புவது பெரும்பாலும் எண்ணெயில்தான். ஒரு தம்ளர் அரிசி, 200 கிராம், சுமார் 700 கலோரி. 60 கிராம் துவரம்பருப்பு 200. தாளிக்க 40 கிராம் கடலெண்ணெய் 360. மூணு பேருக்கு அரிசியும் பருப்பும் சாதம் இது, ஆளுக்கு 420. தட்டில் மேலே ஊற்றும் ஒரு ஸ்பூன் நெய், 10 கிராம் என்றால், 90. கலோரி எண்ணும் மொபைல் ஆப்பில் "சாதம் ஒரு கப்" என்று போட்டால் இந்த எண்ணெயும் நெய்யும் கணக்கில் வராது. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, எண்ணெய்ப் பாத்திரத்தைத் தாளிக்கும் முன்னும் பின்னும் எடை போடுங்கள். தேங்காய்த் துருவலையும் அப்படியே நிறுத்துப் பாருங்கள், 100 கிராம் 350 கலோரி.

1200 யாருக்கும் ஆகாது என்று சொல்லவில்லை. குள்ளமான, அதிகம் நடமாட்டமில்லாத பெண்ணுக்குச் சூத்திரமே அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம். பொதுவாகப் பெண்கள் 1200க்கும் ஆண்கள் 1500க்கும் கீழே போவதென்றால் டாக்டர் பார்வையில்தான் போகணும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது) வரக்கூடும். திருப்பூர் பனியன் கம்பெனி ராத்திரி ஷிப்டுக்காரர்களுக்கு என் ஞாயிற்றுக்கிழமைப் பிரிப்பு எவ்வளவு பொருந்தும் என்று அனுபவத்தில் சொல்ல என்னால் ஆகாது.

எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும். நாலைந்து கிலோ இறங்கியதும் சூத்திரத்தைத் திரும்பப் போடுங்கள். 79 கிலோவில் என் 2170 சுமார் 2100 ஆகிறது. அப்போது இலக்கை 1650 ஆக்குவேன், ஞாயிறு 2300ஐத் தொட மாட்டேன்.